பென்சிலில் பதின்மூன்று பேர்

என் அக்கா வீட்டுக்காரரைக் கல்லூரியில் எல்லோரும் கல்லண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு எறும்பு குறுக்கே போனால்கூட துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்து வழிவிடுகிற மனிதர் அவர். ஜியாலஜி துறையில் இருபத்து நான்கு வருடமாக அட்டெண்டர், அவ்வளவுதான். ஜியாலஜி என்றால் கல்லையும் மண்ணையும் பூமி உண்டான கதையையும் படிக்கிற பாடம். எனக்கு அவர் அத்தான். நான் அதே கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் கிளார்க். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவர் குடி முழுகியதில் என் ரப்பருக்கும் பங்கு உண்டு.

ரப்பர் என்றால் அழிக்கிற ரப்பர். என் வேலை அப்படி. சேர்க்கைப் பதிவேட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம். சேருகிறவர்களின் பெயரைக் கடைசி நாள் மாலை ஐந்து மணிவரை நான் பென்சிலில்தான் எழுதுவேன். காலையில் வரலாறு என்பான், மதியம் வணிகவியல் என்பான், மூன்று மணிக்குச் சித்தப்பா போன் பண்ணி வேறு எதையோ சொல்லுவார், ஓடி வருவான். பேனாவில் எழுதினால் பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல். ஐந்து மணிக்கு யார் மிச்சமோ அவர்கள் மேல் பேனாவை ஓட்டி, மொத்தம் போட்டு, பிரின்சிபாலுக்கு அனுப்புவேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் மட்டும் முதல் நாளே பேனா. அதை விட்டு எவனும் வேறு பாடத்துக்குப் போக மாட்டான். என்னிடம் கேட்டால், ஒரு பாடத்தின் யோக்கியதை அதைப் பென்சிலில் எழுதுகிறார்களா பேனாவில் எழுதுகிறார்களா என்பதிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் கல்லூரியில் இன்னொரு விதி. பன்னிரண்டு பேர் சேராத பாடம் அந்த வருடமே மூடப்படும். பதினொன்று என்றாலும் மூடல்தான். அத்தானுடைய வேலை நிரந்தர வேலை இல்லை. துறையோடு ஒட்டிய வேலை. துறை இருந்தால் அவர் இருப்பார். ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் ஒரு நாளைக்கு நாலு முறை என் ஜன்னலுக்கு வந்து, "மாப்ளே, எத்தனை?" என்று கேட்பார். நான் விரலைக் காட்டுவேன். ஒரு வருடம் பதினேழு. ஒரு வருடம் பதினான்கு. போன வருடம் சரியாகப் பன்னிரண்டு. அன்றைக்கு மனிதர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் என்ன செய்தேன்? எண்ணினேன், அவ்வளவுதான்.

அவருடைய அறையைச் சொல்ல வேண்டும். மாடியில் கடைசி அறை. மூன்று பக்கச் சுவரிலும் தரையிலிருந்து தோள் உயரத்துக்கு மர இழுப்பறைகள். நூற்று நாற்பத்தாறு இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் எட்டோ பத்தோ கற்கள், ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைப் பெயின்டில் சின்ன எண். மாணவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு வேறு இழுப்பறையில் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் அத்தான் ஒவ்வொன்றாகத் திறந்து, தப்பான இடத்தில் கிடப்பதை எடுத்துச் சரியான இடத்தில் வைப்பார். எண்ணைப் பார்க்கவே மாட்டார். எடையை வைத்தே சொல்லுவார். எட்டாம் வகுப்போடு நின்ற மனிதர்.

உடைந்து எண் அழிந்துபோன கற்களைத் துறைத்தலைவி மேடம் தூக்கி எறியச் சொல்லுவார். இவர் எறிய மாட்டார், வீட்டுக்குக் கொண்டுவருவார். கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒன்று, காகிதம் பறக்காமல் இருக்க ஒன்று, குளியலறையில் கால் தேய்க்க ஒன்று. அவருடைய ஒரே மகள், என் மருமகள், அந்தக் கற்களோடுதான் வளர்ந்தாள். மற்றப் பிள்ளைகள் பொம்மைக்குப் பெயர் வைத்த வயதில் இவள் கதவு முட்டுக்கல்லைக் காட்டி, "மாமா, இது நெருப்புலேருந்து வந்தது" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். பன்னிரண்டு வயதில், எங்கள் வீட்டுப் படிக்கட்டு எந்தக் கல் என்று கேட்டாள். படிக்கட்டு என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆக, அந்தப் பெண் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ஜியாலஜிதான் படிப்பேன் என்றபோது எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. அத்தானுக்குத்தான் முகம் வெளுத்துப்போனது. நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். துணிக்கடையில் பில் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்த அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்," என்றார் அத்தான். "மாமாகிட்ட சொல்லி சீட் வாங்கிடலாம். நல்ல மார்க் இருக்கு."

"எனக்குப் பிடிக்கலப்பா."

"பிடிக்கிறதா முக்கியம்? சோறு முக்கியம்."

"நீதானேப்பா இருபத்து நாலு வருஷமா அந்த அறையில இருக்கே? பிடிக்காமலா இருக்கே?"

"நான் அங்க படிக்கல. பெருக்குறேன்."

சொல்லிவிட்டு அவர் விரல் மடக்க ஆரம்பித்தார். அந்தக் கணக்கு அவர் தலைக்குள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இருபத்து நான்கு வருடத்தில் அந்த அறையில் படித்துப் போனவர்கள் ஒவ்வொருவரும் இன்றைக்கு என்ன செய்கிறார்கள் என்று ஒப்பித்தார். போன் கடை வைத்திருப்பவன். காப்பீட்டு ஏஜென்ட். வேன் ஓட்டுகிறவன். தங்கப் பதக்கம் வாங்கியவள், இப்போது ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறாள். கல்லை வைத்துப் பிழைப்பவர்கள் மொத்தம் ஏழு பேர். "முன்னூறு பேர்ல ஏழு பேர்மா. அவங்களும் வருஷத்துல பத்து மாசம் வீட்டுல இல்ல."

"அப்ப நான் எட்டாவது," என்றாள் அவள்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடி," என்றாள் அக்கா. "உன் மாமாவையே பாரு."

எனக்குச் சுருக்கென்றது. நான் படித்தது விலங்கியல். ஆசைப்பட்டுத்தான் படித்தேன். அத்தான் என் பக்கம் திரும்பி, "கேளு அவன்கிட்ட. மூணு வருஷம் தவளைய அறுத்தான். இப்ப என்னத்த அறுக்குறான்?" என்றார்.

"பென்சில் சீவுறேன்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்து, "மாமா, அந்த மூணு வருஷம் உனக்குப் பிடிச்சுதா இல்லையா?" என்று கேட்டாள். பிடித்தது என்று சொல்லியிருக்கலாம். அந்த மூன்று வருடம் தவிர என் வாழ்க்கையில் பிடித்தது வேறு ஒன்றுமே இல்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்கா முறைத்துக்கொண்டிருந்தாள், நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன்.

கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அந்தப் பெண்ணை அசைக்க முடியவில்லை. மறுநாள் தானே வந்து விண்ணப்பத்தை நீட்டினாள். கூடவே தன்னோடு படித்த இரண்டு தோழிகளையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். மூன்று பேரையும் ஜியாலஜி பக்கத்தில் பென்சிலில் எழுதினேன். அவள் பெயர் பதினோராவது. தோழிகள் பன்னிரண்டு, பதின்மூன்று.

கடைசி நாள் மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். ஜன்னலில் கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரம். அத்தான் பின்பக்கக் கதவு வழியாக வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். "எத்தனை மாப்ளே?"

"பதிமூணு."

"அப்ப ஒண்ணு போனாலும் பன்னெண்டு இருக்கும்."

அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அப்போதே புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸில் ஒரு இடம் காலியாகியிருந்தது. ஒரு பையன் வெளியூர்க் கல்லூரிக்குப் போய்விட்டான். காத்திருப்போர் பட்டியலில் நாற்பது பேர். மதிப்பெண்படி பார்த்தால் இவள் அதில் மூன்றாவது. அத்தானே முன்கூட்டி அவள் பெயரில் அங்கேயும் ஒரு மனுப் போட்டு வைத்திருந்தார். முதல் இரண்டு பேருக்கும் போன் பண்ணியாயிற்று, இருவரும் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார்கள். ஆக, இதில் மோசடி ஒன்றும் இல்லை. வயது பதினெட்டு ஆக இன்னும் ஐந்து வாரம் இருந்ததால் தகப்பன் கையெழுத்தே போதும். எல்லாம் முறைப்படி. முறைப்படி செய்கிற பாவத்துக்குத்தான் இந்த உலகத்தில் தண்டனையே கிடையாதே.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா அத்தான்?"

"கேட்டா என்ன சொல்லுவான்னு தெரியாதா உனக்கு?" குரலைத் தாழ்த்தினார். "துறைக்கும் கெடுதல் இல்ல, எனக்கும் கெடுதல் இல்ல. பன்னெண்டு இருக்கு. அவளுக்கும் ஒரு வழி பொறக்கும். இன்னிக்கு அழுவா. நாலு வருஷம் கழிச்சு சம்பளம் வாங்குறப்ப சிரிப்பா. அழிச்சிடு மாப்ளே."

அழித்தேன். ரப்பர் தூளை ஊதிவிட்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கத்தில் கடைசி வரியில் அவள் பெயரைப் பேனாவில் எழுதினேன். அத்தான் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்துப் போட ஒரு நிமிடம் ஆகும், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நட்டு வைப்பார். பிறகு கட்டணத்தைக் கட்டிவிட்டு மாடிக்குப் போனார். போகும்போது கொஞ்சம் நிமிர்ந்து நடந்த மாதிரி இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பதிவேட்டை இருபது வருடமாகப் பார்க்கிறவர்கள். தலைகளை எண்ணி எண்ணியே பழகியவர்கள். பதின்மூன்றில் ஒன்று போனால் பன்னிரண்டு. ஒரு பெயர் இன்னொரு பெயரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. வேறு எவனுக்காவது தோன்றியிருக்கும். எங்களுக்குத் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு அந்த இரண்டு தோழிகளும் கட்டணம் கட்ட வந்தார்கள். ஒருத்தி ஜன்னல் வழியாகப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். "சார், அவ பேரைக் காணோமே?"

"அவ கம்ப்யூட்டர் சயின்ஸ் போயிட்டாம்மா."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தள்ளிப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். ஒருத்தி யாருக்கோ போன் பண்ணினாள். திரும்பி வந்தபோது அவர்கள் குரலில் பாரம் இறங்கின நிம்மதி. "சார், அவ சொன்னாளேன்னுதான் நாங்க வந்தோம். அவ இல்லாம நாங்க எதுக்கு அங்க? எங்களை வணிகவியல்ல மாத்திடுங்க."

மாற்றினேன். மாற்றாமல் என்ன செய்ய? அது அவர்கள் உரிமை. ஜியாலஜி பக்கத்தில் பத்துப் பேர். மாடிக்குப் போன் பண்ணினேன். "அத்தான், பத்து."

அந்தப் பக்கம் ரிசீவரைத் தலைகீழாக வைத்துத் தடுமாறுகிற சத்தம் கேட்டது.

அடுத்த ஒன்றரை மணி நேரம் நான் பார்த்ததை எந்த மைத்துனனும் பார்க்க வேண்டாம். மனிதர் இறங்கி ஓடி வந்தார். என் ஜன்னலுக்கு எதிரே, காத்திருப்போர் வரிசையில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போனார். "தம்பி, ஜியாலஜி பார்க்கிறீங்களா? நல்ல பாடம் தம்பி. அம்மா, உங்க பொண்ணுக்கு எதுவும் கிடைக்கலையா? மாடியில வந்து ஒரு தடவை அறையைப் பாருங்கம்மா, பார்த்தாலே பிடிச்சிடும்." சிலர் சிரித்தார்கள். சிலர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு தகப்பனார் கேட்டார், "இதைப் படிச்சா வேலை கிடைக்குமாங்க?"

வீட்டில் முன்னூறு பேர் கணக்கை விரல் விட்டு எண்ணிய அதே மனிதர். "கிடைக்கும் சார்," என்றார். "கண்டிப்பா கிடைக்கும்." சொல்லிவிட்டு என் ஜன்னலைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தத் தகப்பனார் மகனைச் சேர்க்கவில்லை. ஆனால் மூன்று பாடத்தில் இடம் கிடைக்காமல் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து வந்து, "எதுவா இருந்தாலும் பரவாயில்ல, எழுதிக்குங்க" என்றான். எழுதினேன். பதினொன்று. மணி நாலு முப்பத்தைந்து.

துறைத்தலைவி மேடமும் இறங்கி வந்துவிட்டார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிற அம்மா. யாரிடமும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. என் ஜன்னலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார். அதையே இரண்டு முறை சொன்னார்.

அப்போதுதான் அவள் வந்தாள். தோழிகள் போனில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் போட்டிருந்த உடையோடு பஸ் ஏறி வந்திருந்தாள். ஒரு காலில் தன் செருப்பு, மறுகாலில் என் அக்காவுடைய செருப்பு. கத்துவாள் என்று பயந்தேன். கத்தவில்லை.

"மாமா, நீதான் அழிச்சியா?"

"ஆமா."

"சரி. பாடம் மாத்துற ஃபாரம் குடு."

கொடுத்தேன். அங்கேயே ஜன்னல் பலகையில் வைத்து மளமளவென்று நிரப்பினாள். கம்ப்யூட்டர் சயின்ஸிலிருந்து ஜியாலஜிக்கு. தன் கையெழுத்தைப் போட்டாள். கட்டணம் கட்டிய பிறகு பாடம் மாற்ற, பதினெட்டு ஆகாதவர்களுக்குத் தகப்பன் கையெழுத்தும் வேண்டும். பிறகு பேனாவைத் தகப்பனிடம் நீட்டினாள். "கையெழுத்துப் போடுப்பா. பன்னெண்டு ஆயிடும். எனக்குப் பிடிச்சதும் கிடைக்கும், உன் வேலையும் இருக்கும்."

எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரு நிமிடக் கையெழுத்து. எரிகிற வீட்டுக்குத் தண்ணீர் தானாக நடந்து வந்து நிற்கிறது. "அத்தான், போடுங்க," என்றேன் நான். மேடம் ஃபாரத்தை அத்தான் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

அத்தான் பேனாவை வாங்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இப்ப போட்டா எதுக்குப் போட்டேன்னு ஆகும்?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. "மதியம் வேணாம்னு எடுத்தேன். அவ வாழ்க்கை கெட்டுடும்னு எடுத்தேன். என் வேலை போகுதுன்னு தெரிஞ்சதும் திருப்பிப் போடுறதா? அப்ப நான் என்ன தகப்பன்?"

"நான்தானேப்பா கேக்குறேன்! நீயா போடுறே?"

"நாளைக்கு உனக்கு வேலை இல்லாம நிக்கிறப்ப, உங்கப்பன் தன் பிழைப்புக்கு உன்னைக் கல்லுல தள்ளினான்னு சொல்லுவாங்க."

"நான் சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன்."

"நான் சொல்லுவேனேம்மா. தினமும் எனக்கு நானே சொல்லுவேனே."

"அண்ணா," என்றார் மேடம். அதற்கு முன் அவரை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "அவ உயிரே அதுலதான் இருக்கு. உங்களுக்காக இல்ல, அவளுக்காகப் போடுங்க."

"அதைப் பிரிச்சுப் பார்க்க எனக்குத் தெரியல மேடம். ரெண்டும் ஒண்ணா கலந்து கிடக்கு. எதுக்காகப் போடுறேன்னு எனக்கே தெரியாம எப்படிப் போடுவேன்?"

அவள் அவருடைய கையைப் பின்னாலிருந்து இழுத்தாள். விரலைப் பிரித்துப் பேனாவைத் திணிக்கப் பார்த்தாள். அவர் கையை இறுக்கி மூடிக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். "அப்பா, அப்பா, ஒரே ஒரு கையெழுத்துப்பா" என்று அழுதாள். சின்ன வயதில்கூட அந்தப் பெண் எதற்கும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அவர் முகம் முழுக்கத் தண்ணீர். கை மட்டும் திறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இதை எழுதி என்ன பயன். அந்த ஃபாரம் என் மேஜைமேல் கிடந்தது. அத்தான் கையெழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்பா மகள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் நானே அந்த எழுத்துகளை நட்டிருக்கலாம். ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். மேடம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்திருப்பார். நான் நிரந்தர ஊழியன், ஓய்வூதியம் உண்டு, மாட்டினால் போச்சு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஐந்து அடித்தது. பதினோரு பெயர்கள் மேல் பேனாவை ஓட்டி, கீழே மொத்தம் பதினொன்று என்று எழுதினேன்.

இரண்டு வாரத்தில் துறை மூடும் உத்தரவு வந்தது. புதிதாகச் சேர்ந்த பதினோரு பேரையும் எங்கெங்கோ செருகினார்கள். ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த சீனியர்களை வேறு கல்லூரிக்கு மாற்றினார்கள். மேடம் விடுப்பில் போனார். நூற்று நாற்பத்தாறு இழுப்பறைகளில் இருந்த கற்களையும் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் அறையில் கொட்டச் சொன்னார்கள். அத்தான் கொட்டவில்லை. ஒவ்வொரு இழுப்பறையாகத் தோளில் வைத்து இறக்கிக்கொண்டு போய், சாக்கில் கட்டி, சாக்கின் மேல் எண் எழுதினார். எட்டு நாள் ஆயிற்று. "எதுக்கு அத்தான் எண்? யாரு பார்க்கப் போறா?" என்றேன். "இல்லேன்னா எது எதுன்னு தெரியாம போயிடும் மாப்ளே," என்றார்.

காலியான அந்த மாடி அறையில் வெள்ளையடித்து, வரிசையாக மேஜை போட்டு, கம்ப்யூட்டர் லேப் ஆக்கினார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸில் கூட்டம் அதிகம், பழைய லேப் போதவில்லை. அந்த அறையின் பூட்டும் ஜன்னலும் தெரிந்த ஆள் என்று பிரின்சிபால் இரக்கப்பட்டு, வருடக் கடைசிவரை அரைச் சம்பளத்துக்கு அத்தானையே அதற்கு அட்டெண்டராகப் போட்டார். காலையில் திறக்க வேண்டும், துடைக்க வேண்டும், பிளக் கழன்றிருந்தால் மாட்ட வேண்டும். அடுத்த வருடம் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

முதல் வருட மாணவர்களுக்கு வாரம் மூன்று நாள் அங்கே வகுப்பு. இவள் கடைசி வரிசையில் உட்காருவாள். சேர்க்கை நாளிலிருந்து தகப்பனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கதவு முட்டுக்கல், காகிதக்கல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அத்தான் அவற்றைத் திருப்பி எடுத்து வரவில்லை. கதவு இப்போது காற்றில் அடித்துக்கொள்கிறது. அக்கா என்னிடம், "ரெண்டு ஊமைங்களுக்கு நடுவுல நான் தனியா கத்திக்கிட்டிருக்கேன்டா தம்பி" என்று அழுதாள்.

போன வாரம் ஒரு கையெழுத்து வாங்க நான் அந்த லேபுக்குப் போயிருந்தேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அத்தான் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அவளுடைய கை.

"அட்டெண்டர்," என்றாள். "இந்த மெஷின் ஆன் ஆகல."

சத்தமாகத்தான் சொன்னாள். வகுப்பில் யாருக்கும் அவள் யார் என்று தெரியாது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போய் அவளை ஒரு அறை அறையலாமா என்று வந்தது. யார் யாரை அறைவது? அத்தான் எழுந்தார். வரிசைகளுக்கு நடுவே நடந்து போய், அவள் காலடியில் குனிந்து, மேஜைக்கு அடியில் கையை விட்டு பிளக்கை அழுத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது. அவள் திரையைப் பார்த்தாள். அவர் மறுபடி ஸ்டூலுக்கு வந்து உட்கார்ந்தார்.

வகுப்பு விட்டதும் நாங்கள் இரண்டு பேரும் படி இறங்கினோம். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், "அவ சின்னப் பொண்ணு அத்தான், மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன்.

"எதை?" என்றார்.

"அவ கூப்பிட்டதை."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் நின்றார். "ரெண்டு மாசம் ஆச்சு மாப்ளே அவ குரலைக் கேட்டு," என்றார். "தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கு அவளுக்கு. அக்காகிட்ட சொல்லி வெந்நீர் வெச்சுக் குடுக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே."